ஜீப்பில் வந்த குரு

கல்யாணமாகி நான் குந்தா கேம்ப்புக்குப் போய்ச் சேர்ந்தபோது அணை பாதிதான் எழும்பியிருந்தது. மழை மட்டும் ஒரு குறையும் வைக்காமல் பெய்துகொண்டிருந்தது. என் வீட்டுக்காரருக்கு டிராயிங் ஆபீஸில் வேலை. தகரக் கூரை போட்ட நீளமான கட்டடத்தை ஆறாகத் தடுத்து, அதில் ஒன்றை எங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். கோயமுத்தூரில் பதினான்கு பேர் இருந்த வீட்டில் வளர்ந்தவள் நான். அவர் காலையில் ஆபீஸுக்குப் போய்விட்டால் பேச்சுக்கு ஆள் கிடையாது. அதனால் பக்கத்து வீட்டுக் கொடிக்கயிற்றை ஆராய ஆரம்பித்தேன்.

நீலகிரியில் துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது. ஆராய்ச்சிக்கு அவகாசம் தாராளமாகக் கிடைக்கும். பக்கத்து வீட்டில் இருந்தவர்கள் பஞ்சாபிலிருந்து வந்த சீக்கியர்கள். கணவர் புல்டோசர் ஓட்டுகிறவர்; அவருக்கும் மனைவிக்கும் இன்னும் குழந்தைகள் இல்லை. ஆனால் கொடியில் முழங்கால்வரை நீளுகிற, நாடா கோத்த வெள்ளை அரைக்கால் சட்டைகள் பெரிய அளவில் நான்கும் சின்ன அளவில் நான்கும் தொங்கின. சின்னது யாருக்கு என்று எனக்குப் பிடிபடவில்லை.

"அடுத்த ஊட்டுத் துணிய எண்ணிட்டு இருக்கறதுக்காடி உன்னக் கட்டிட்டு வந்தேன்?" என்றார் என் வீட்டுக்காரர்.

"எண்ணலீங்க. கண்ணுல பட்டுதுங்க" என்றேன்.

அந்த அம்மாள்தான் முதலில் பேசினாள். ஒரு நாள் காலையில் வேலிப்படலுக்கு அந்தப் பக்கம் நின்று, கைகூப்பி, "சத் ஸ்ரீ அகால்" என்றாள். எனக்குக் காதில் விழுந்தது அகாலம் மட்டும்தான். விடிந்ததும் விடியாததுமாக இப்படி ஒரு வார்த்தையா என்று எனக்கு மனசு சுருக்கென்றது. பள்ளிக்கூடத்தில் நான் பாஸ் செய்த இரண்டு இந்திப் பரீட்சைகளும், புல்டோசர் ஆட்களிடமிருந்து அவள் பொறுக்கி வைத்திருந்த தமிழும் சேர்ந்து விஷயத்தைத் தெளிவாக்க அரை மணி நேரம் ஆயிற்று. அகால் என்றால் காலம் இல்லாதவன், கடவுள். கெட்ட நேரமல்ல, நேரமே இல்லாதவன். "நீ பயந்துட்டே" என்று அவள் அன்று சிரித்த சிரிப்பில் நாங்கள் சிநேகிதமானோம். அவள் என்னை அக்கா என்றாள். நான் அவளை அக்கா என்றேன். மற்றவளுக்குத்தான் வயது கூட என்று இரண்டு பேருமே கடைசிவரை உறுதியாக இருந்தோம்.

கொடிக்கயிற்று மர்மமும் அந்த வாரமே தீர்ந்தது. அவர்கள் உடம்பில் எப்போதும் இருக்கவேண்டிய பொருள்கள் ஐந்தாம். எல்லாமே 'க'வில் தொடங்குமாம். விரல்விட்டுச் சொன்னாள். கேஸ், வெட்டாத முடி. கடா, இரும்பு வளையல். கிர்பான், சின்ன வாள். அவளும் இடுப்பில் ஒன்று வைத்திருந்தாள், எடுத்துக் காட்டினாள். என் காய்கறிக் கத்தி அதைவிடப் பெரிது. நாலாவது கங்கா என்றாள். "எங்க வெச்சிருக்கறீங்க?" என்றேன். தலையைத் தொட்டாள். எனக்குப் புல்லரித்துவிட்டது. சிவபெருமான் மாதிரி தலையில் கங்கையை முடிந்துகொண்டு ஒருத்தி என் பக்கத்து வீட்டில் மாவு பிசைகிறாளே என்று நினைத்தேன். அவள் கொண்டையிலிருந்து ஒரு சின்ன மரச் சீப்பை உருவிக் காட்டினாள்.

"அஞ்சாவது?"

கச்சேரா என்றாள். எனக்குக் கச்சேரி என்று கேட்டது. பாடுவீங்களா என்றேன். அவள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் கொடிக்கயிற்றைக் கண்ணால் காட்டினாள். ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. சின்ன அளவு யாருடையது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பதிலுக்கு நான் தமிழ் சொல்லிக் கொடுத்தேன். அங்கேதான் என் புத்தி கொஞ்சம் கோணலாகப் போயிற்று.

எங்கள் கேம்ப்பில் பெரிய இன்ஜினீயரின் மனைவி ஒருவர் இருந்தார். பெரிய வீட்டம்மா என்போம். கீழே ஏதாவது நல்ல ஊருக்கு மாற்றல் கேட்டுக் கேட்டுக் கிடைக்காத கடுப்பை எங்கள் வீடுகளைப் பார்வையிட்டுத் தீர்த்துக்கொள்வார். மாதம் ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் வந்து, இருக்கிற ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, அடுப்பு மேடை எப்படி இருக்கவேண்டும், புருஷனுக்கு எத்தனை மணிக்குச் சாப்பாடு வைக்கவேண்டும் என்று இரண்டு மணி நேரம் சொல்லிவிட்டுப் போவார்.

"அவங்க வந்தா மரியாதையா என்னா சொல்றது?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள்.

"கைகூப்பி, 'வாங்க, எப்பப் போவீங்க'ன்னு கேக்கோணும். ரொம்ப மரியாதை அது" என்றேன்.

அவள் அதை நாலு நாள் பயிற்சி எடுத்தாள். ஐந்தாம் நாள் பெரிய வீட்டம்மா அவள் வாசல்படி ஏறினார். என் சிநேகிதி துப்பட்டாவைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, முகமெல்லாம் பல்லாக, "வாங்க வாங்க, எப்பப் போவீங்க?" என்றாள். கேம்ப் முழுக்க மனதுக்குள் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியை ஒருத்தி வாய்விட்டுக் கேட்டதை நான் படலுக்குப் பின்னால் நின்று அனுபவித்தேன். பாஷை தெரியாதவளிடம் பெரிய வீட்டம்மா எப்படிக் கோபப்படுவார்? கால் மணியில் எழுந்து போய்விட்டார்.

ஆனால் அந்த மரியாதையை அவள் ஒருவரோடு நிறுத்தவில்லை. கூடை சுமந்து வரும் படுகக் காய்காரம்மாவுக்கும் செய்தாள். அந்த அம்மாள், "காய் வித்தாப் போயிடறேன், ஏன் வெரட்டறே?" என்று கேட்டு, அர்த்தத்தையும் விளக்கிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் என் சிநேகிதி படலோரம் வந்து என்னையே பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். மெல்லச் சிரித்து, "ரொம்ப மரியாதை, அக்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

கார்த்திகை வந்தது. அந்தப் பௌர்ணமி அவர்களுடைய முதல் குருவின் பிறந்த நாள். கேம்ப்பில் லாரி ஓட்டுகிறவர்கள், கிரேன் ஓட்டுகிறவர்கள் என்று பத்துப் பன்னிரண்டு சீக்கியர்கள் இருந்தார்கள். வழக்கமாகக் குன்னூர்ப் பக்கம் பட்டாளத்துச் சீக்கியர்கள் வைத்திருந்த குருத்வாராவுக்குப் போய்விடுவார்கள். இந்த வருடம் இங்கேயே காலி கொட்டகை ஒன்றைக் கேட்டு வாங்கியிருந்தார்கள். என் சிநேகிதி கொட்டகையைச் சாணி போட்டு மெழுகுகிறாளா என்று பார்க்கப் போனேன். தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"குரு வர்றார்" என்றாள்.

"ஆருங்க்கா? குருவா? நேருலயா?"

"நேர்லதான். குன்னூர்லேந்து ஜீப்ல."

எனக்குப் பரபரப்பாகிவிட்டது. "வயசானவருங்களா?"

"ரொம்ப வயசு."

"எம்பது இருக்குமா?"

"மேலே."

"நூறா?"

"அதுக்கும் மேலே."

இமயமலைப் பக்கத்து ஆள், இருக்கலாம் என்று தோன்றியது. என்ன சாப்பிடுவார் என்றேன். ஒன்றும் சாப்பிட மாட்டார் என்றாள். எதில் உட்காருவார் என்றேன். சின்னக் கட்டிலில், மெத்தை போட்டு, மேலே விதானம் கட்டி. பட்டுத்தான் போர்த்துவார். பக்கத்தில் ஒருவர் நின்று சாமரம் வீசவேண்டும். அங்கே குருத்வாராவில் தினமும் அவரைத் தூங்கவைக்கத் தனி அறை உண்டு.

"நடப்பாருங்களா?"

"நடக்க மாட்டார். தலைமேலே வெச்சுத்தான் கொண்டுவருவோம்."

வயதான மனிதரை இவர்கள் எப்படித் தலைமேல் வைத்துத் தாங்குகிறார்கள் என்று உருகிப்போனேன். "பேசுவாருங்களா?"

"தெறந்தா பேசுவார்."

"வாய் தெறந்தான்னு சொல்லோணுங்க்கா" என்று தமிழைத் திருத்தினேன். அவள் பணிவாகத் தலையாட்டினாள்.

"கல்யாணம் ஆனவரா, சாமியாரா?"

இதற்கு அவள் துப்பட்டா நுனியை வாயில் திணித்துக்கொண்டு சற்று நேரம் இருமினாள். பிறகு, "அவருக்கு ஆகலே. ஆனா எங்க எல்லாருக்கும் கல்யாணம் அவரைச் சுத்தித்தான்" என்றாள்.

"குளுருக்கு நான் ஏதாச்சும் பின்னித் தரட்டுங்களா? குல்லா, காலுறை?"

அவள் முகம் ஒரு கணம் மாறியது. "குல்லா வேணாம். சால்வைன்னா போர்த்தலாம்" என்றாள்.

குழாயடியில் நான் விஷயத்தைச் சொன்னது ஒரே ஒருத்தியிடம்தான். மறுநாள் அது என்னிடமே திரும்பி வந்தபோது குருவுக்கு நூற்றிருபது வயதாகி, காற்றை மட்டும் குடித்து உயிர்வாழ்ந்தார். அதற்கும் மறுநாள் எதிர்காலம் சொன்னார். என் வீட்டுக்காரர், நடக்கமுடியாத பெரியவர் என்று கேள்விப்பட்டு, ஆபீஸிலிருந்து ஒரு சாய்வு நாற்காலியை ஆள்விட்டுக் கொட்டகைக்கு அனுப்பினார். நான் ஒன்பது நாளில் பழுப்புக் கம்பளி நூலில் சால்வை பின்னி முடித்தேன்.

பௌர்ணமியன்று காலை மழை விட்டிருந்தது. கொட்டகை முன்னால் பாதிக் கேம்ப் கூடியிருந்தது. ஒருவர் மகன் ஜாதகத்தோடு வந்திருந்தார். இடுப்பு வலிக்காரர்கள் இரண்டு பேர். காய்காரம்மா ஒரு கூடை உருளைக்கிழங்கோடு. பெரிய வீட்டம்மா பட்டுச் சேலையில், தட்டில் ஆப்பிளோடு, மாற்றல் விஷயத்தை எப்படிக் கேட்பது என்று என்னிடம் யோசனை கேட்டுக்கொண்டிருந்தார். கேம்ப் கூட்டிப் பெருக்கும் பெண் எல்லாருக்கும் பின்னால், துடைப்பத்தைச் சுவரோரம் சாத்திவிட்டு நின்றாள். புல்டோசர்காரரும் மற்றவர்களும் அந்தக் குளிரில் வெறுங்காலோடு சரளைக்கல்லில் நின்றார்கள்.

கழுவித் துடைத்த ஜீப் வந்து நின்றது. முன்பக்கமிருந்து வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர் இறங்கினார். இடுப்பு வலிக்காரர்கள் இரண்டு பேரும் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்கள். அவர் பதறிப்போய்ப் பின்வாங்கி, வேண்டாம் வேண்டாம் என்று ஜீப்பின் பின்பக்கம் கையைக் காட்டினார். எல்லாரும் பின்பக்கம் எட்டிப் பார்த்தோம். ஒருவர் வழியில் தண்ணீர் தெளித்தார். இன்னொருவர், பட்டுத்துணி சுற்றிய பெரிய மூட்டை ஒன்றைத் தலைமேல் வைத்துக்கொண்டு, அசங்காமல் இறங்கினார். பக்கத்தில் ஒருவர் சாமரம் வீசிக்கொண்டே நடந்தார். சீக்கியர்கள் எல்லாரும் தலைகுனிந்தார்கள். ஜீப் காலியாகிவிட்டது.

"குரு எங்கம்மா?" என்றார் பெரிய வீட்டம்மா.

நான் சிநேகிதியைத் தேடிப் பிடித்தேன். "எங்கீங்க்கா குரு?"

அவள் மூட்டையை முகவாயால் காட்டினாள். "அதோ போறாரே."

"அது என்னங்க்கா?"

"கிரந்த் சாஹிப். புஸ்தகம். அவர்தான் எங்க குரு."

எனக்கு எல்லாம் வரிசையாக விளங்கியது. நூற்றுக்கு மேலே வயது. சாப்பிட மாட்டார். பட்டுத்தான் போர்த்துவார். திறந்தால் பேசுவார். நான் அதைத் திருத்த வேறு செய்திருந்தேன். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. பக்தியா சிரிப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கூட்டம் என்னைப் பார்த்தது. நான் கிளப்பிவிட்ட குருவுக்கு நான்தானே பதில் சொல்லவேண்டும். "புஸ்தகந்தானுங்க குரு" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. நல்லவேளையாகப் புல்டோசர்காரர் உதவிக்கு வந்தார். பத்துப் பேர் மனிதக் குருக்கள் இருந்தார்கள். பத்தாமவர், இனி ஆள் யாரும் வேண்டாம், இந்த நூல்தான் குரு என்று சொல்லிவிட்டார் என்று, உடைந்த தமிழில் விளக்கினார். குருமார்கள் சொன்னது மட்டுமல்ல, நெசவு நெய்தவர், முடி வெட்டியவர், செருப்புத் தைத்தவர் பாடியதும் அதற்குள் இருக்கிறதாம்.

"செருப்புத் தெச்சவரு சொன்னதுமுங்களா?" பின்னாலிருந்து கேட்டது பெருக்கும் பெண்.

"ஆமாம்மா. உள்ளே இருக்கு."

"அதுக்கா இத்தன பேரு கும்புடறாங்க?"

"அதுக்கும்தான்."

அவள் சேலைத் தலைப்பை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு, குழாயில் கால் கழுவிவிட்டு, எங்கள் எல்லாருக்கும் முன்னால் கொட்டகைக்குள் போனாள். காய்காரம்மா, "புஸ்தகம்னா இந்தக் கெழங்கு யாருக்கு?" என்று கேட்டார். சமையலுக்கு என்று சொல்லி வாங்கிக்கொண்டார்கள். ஜாதகக்காரர் மட்டும் வீட்டுக்குத் திரும்பினார். மற்றவர்கள், வந்தது வந்தோம் என்று உள்ளே போய் உட்கார்ந்தோம்.

என் சால்வையை மடியில் ஒளித்துவைத்திருந்தேன். அவளே வந்து பிடுங்கி, வெள்ளைத் தாடிக்காரரிடம் ஏதோ சொல்லிக் கொடுத்தாள். அவர் அதை நெற்றியில் ஒற்றி, நூலுக்குப் பக்கத்தில் பட்டோடு பட்டாக வைத்தார். அந்த நேரம் எனக்கு அவள்மேல் இருந்த கோபம் போய்விட்டது. போகாமல் பிடித்துவைத்துக்கொள்ளப் பார்த்தும் முடியவில்லை.

பாட்டெல்லாம் முடிந்தபின் நூலைத் திறந்து, கண்ணில் பட்ட பக்கத்தின் மேலிருந்து படித்தார்கள். அதற்கு ஹுக்கம் என்று பெயர். அன்றைய நாளுக்குக் குருவின் உத்தரவு. பெரிய வீட்டம்மா நகர்ந்து வந்து என் சிநேகிதியின் காதில், "மாத்தல் பத்தி ஏதாச்சும் வந்துதா?" என்றார்.

"வெச்ச எடத்துலே சந்தோஷமா இருன்னு வந்துது" என்றாள் அவள்.

பெரிய வீட்டம்மா கொஞ்ச நேரம் ஆப்பிள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நெஜமாவே அப்படித்தான் வந்ததா என்று பிறகு கேட்டேன். "கிட்டத்தட்ட" என்றாள்.

அடுத்து லங்கர். பொதுச் சாப்பாடு. எல்லாரும் தரையில் ஒரே வரிசையில் உட்காரவேண்டும். அந்த வரிசைக்குப் பங்கத் என்று பேர். நம் பந்திதான் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் நம் பந்தியில் யார் முதலில், யார் யார் பக்கத்தில் என்று ஆயிரம் இருக்கிறது. இதில் வந்த வரிசைதான் வரிசை. பெரிய வீட்டம்மா மூலையில் கிடந்த எங்கள் ஆபீஸ் சாய்வு நாற்காலியைப் பார்த்தார். புல்டோசர்காரர் கைகூப்பி, இங்கே எல்லாரும் கீழேதான் என்றார். அந்த அம்மா பட்டுச்சேலையோடு, தரையில் விரித்த சாக்கில் உட்கார்ந்தார்.

எனக்கு மறுபடி புத்தி கோணியது. பெருக்கும் பெண் இடம் தேடி நிற்பதைப் பார்த்து, "அதோ, அங்க போயி உக்காரு" என்று பெரிய வீட்டம்மாவுக்குப் பக்கத்து இடத்தைக் காட்டினேன். அந்த அம்மாவின் முகம் போகிற போக்கை எதிரே இருந்து பார்க்க ஆசை. எதிரில் இடம் இல்லை. "எடம் விடாதீங்க, ஒட்டி ஒட்டி" என்று வரிசையைச் சரிசெய்துகொண்டு வந்த என் சிநேகிதி, என்னைத் தோளைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்தாள். பெருக்கும் பெண் நடுவில். அந்தப் பக்கம் பெரிய வீட்டம்மா, இந்தப் பக்கம் நான்.

பெரிய வீட்டம்மா எதையும் கவனிக்கவில்லை. பசி. ரொட்டியைப் பிய்த்துப் பருப்பில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டே, "இந்தப் பருப்புல என்ன போடறாங்க?" என்று அந்தப் பெண்ணிடமே கேட்டார். சேலை நுனியை இழுத்து மடிக்குள் செருகிக்கொண்டது நான்தான். யோசித்துச் செய்யவில்லை. கை தானாகச் செய்தது. அந்தப் பெண் அதைப் பார்த்தாள். பார்த்து, அவளும் தானாகவே முழங்காலை ஒடுக்கி, எனக்கு ஒரு சாண் இடம் விட்டாள்.

சிநேகிதி ரொட்டிக் கூடையோடு வந்தாள். நானும் அந்தப் பெண்ணும் ஆளுக்கு ஒரு கை நீட்டினோம். "ரெண்டு கை" என்று இரண்டு பேரையும் ஒரே அதட்டு அதட்டினாள். அவர்களிடம் ரொட்டியை இரண்டு கையும் சேர்த்து ஏந்தித்தான் வாங்கவேண்டும். இரண்டு பேரும் சேர்ந்து விழித்தோம். ஏந்தி வாங்கும்போது அவள் முழங்கையும் என் முழங்கையும் இடித்துக்கொண்டன. அவள் கொஞ்சம் சிரித்தாள். "ஒண்ணும் ஆவலீங்க அம்மணி" என்றாள், மெதுவாக. நான் சேலை நுனியை மடியிலிருந்து எடுத்துவிட்டேன்.

சாப்பிட்டு எழுந்ததும் சிநேகிதி என் கையில் தேங்காய் நாரும் சாம்பலும் கொடுத்து, பெரிய பருப்பு அண்டாவைக் காட்டினாள். இதற்குச் சேவா என்று பெயர், புண்ணியம் என்றாள். அண்டாவுக்கு உள்ளே பாதி உடம்பை விட்டுத் தேய்த்துக்கொண்டே சொன்னேன், "இப்படி ஏமாத்திப் போட்டீங்களே, அக்கா."

"நான் ஒரு பொய்யும் சொல்லலே" என்றாள். பிறகு இரண்டு விரலை நீட்டி, "உன்து ஒண்ணு, என்து ஒண்ணு. சரியாப் போச்சு" என்றாள்.

இரண்டு மாதத்தில் பெரிய இன்ஜினீயருக்கு மாற்றல் வந்தது. பைக்காராவுக்கு. அங்கே மழை இன்னும் ஜாஸ்தி. வைத்த இடத்தில் சந்தோஷமாக இருக்கச் சொன்னது எந்த இடத்தை என்று பெரிய வீட்டம்மா கேட்டு அனுப்பினார். பதில் சொல்லும் பொறுப்பை நான் சிநேகிதியிடம் விட்டுவிட்டேன்.

என் கதைதான் அவ்வளவு சீக்கிரம் முடியவில்லை. பெருக்கும் பெண்ணுக்குக் காபி கொடுக்க, பின்கட்டு மாடத்தில் கைப்பிடி வைத்த பழைய எனாமல் குவளை ஒன்று தனியாக வைத்திருந்தேன். பௌர்ணமி முடிந்து ஒரு மாதம் அதைப் பார்த்துப் பார்த்துக் கூசினேன். ஆனாலும் அதில்தான் ஊற்றினேன். தைப் பொங்கலன்று துணிந்து, நாங்கள் குடிக்கும் எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, முன்வாசலில் வைத்துக் கொடுத்தேன். அவள் வாங்கினாள். உடனே கீழே வைத்தாள்.

"சுடுதுங்க அம்மணி. அந்தப் பழசே தேவலைங்க. பிடி இருக்குது" என்றாள்.

நான் எத்தனை நாள் ஒத்திகை பார்த்திருந்தேன் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் சொன்னதும் நியாயம்தான். அந்தக் குளிரில் கொதிக்கக் கொதிக்கக் குடிக்க எவர்சில்வர் லாயக்கில்லை. நானும் என் வீட்டுக்காரரும் தினமும் சேலைத் தலைப்பாலும் துண்டாலும் பிடித்துக்கொண்டுதான் குடித்துக்கொண்டிருந்தோம். அடுத்த முறை ஊட்டி மார்க்கெட்டுக்குப் போனபோது, பிடி வைத்த எனாமல் குவளை ஐந்து, எல்லாம் ஒரே மாதிரி, வாங்கி வந்தேன். பழசையும் அவற்றோடு சேர்த்து அடுக்கினேன். கொஞ்ச நாளில் எது பழசு என்று தேடிப் பார்த்தால்தான் தெரியும் என்றாகிவிட்டது.

மாசியில் என் மாமியார் வந்தார். காலையில் ஆறு குவளையும் வரிசையாக இருந்ததைப் பார்த்துவிட்டு, "இதுல என்னோடது எதும்மா?" என்றார்.

"கைக்கு எது வருதோ அதுங்க அத்தை" என்றேன்.

அவர் ஒன்றை எடுத்து, பிடி நன்றாக இருக்கிறதா என்று பார்த்து, காபியை ஊதிக் குடிக்க ஆரம்பித்தார்.